ஹம்ஸ்டருக்குச் சொறி, ஷோலுக்குக் குளிர்

மனைவி வளர்த்த ஹம்ஸ்டரின் முதுகில் முடி கொட்டிவிட்டது. அவள் மவுத்தாகி இரண்டு மாதம். இதையும் சாகவிட முடியாது என்று இன்று தில்லையடியில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

வரிசையில் ஆட்டோடு நின்றவர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"நானா, எலிக்கு நாங்க வேற மருந்துதானே வாங்குற?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

டொக்டர் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

"சொறிப் பூச்சி. நிறுத்துப் பாத்து பிடரில ஒரு சொட்டு மருந்து விடுறன். ரெண்டு கிழமையில திரும்பக் கொண்டு வாங்க. கூட்டுத் துணியெல்லாம் எரிச்சிடுங்க, அதுலயும் பூச்சி இருக்கும்."

"கூட்ட மூடுறது வைஃப்ட ஷோல், டொக்டர்."

அவர் மருந்துப் போத்தலைக் கீழே வைத்தார்.

"அப்ப அவிச்சிக் கழுவுங்க."

"கழுவினா அவட வாசம் போயிடுமே."

"அப்பிடியே வச்சிருந்தா இது திரும்பச் சொறியும், தம்பி. பெறகு செத்துப் போகும்."

நான் மீன் ஆலையொன்றில் குளிரூட்டல் டெக்னீசியன். ஷோலைப் பொலித்தீன் பையில் கட்டி, மைனஸ் இருபது அறையில் மீன் பெட்டிகளுக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன். அந்தக் குளிரில் பூச்சி செத்துவிடும், அது எனக்குத் தெரியும்.

வாசம் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொறுமையாக இரு, ஸபூர் செய் என்று சொல்ல ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.