இடது கையில் காப்பு

மாதம்மாளின் கை காப்புக் கயிற்றை விழுங்கிவிட்டதாம். தோஹாவில் என்னோடு வேலை செய்யும் சேகர் சொன்னான். ஊரில் அவன் மனைவி, மஞ்சக்குட்டை போகும் ஜீப்பில் கேட்டது. "கயிறு கண்ணுக்கே தெரியலையாமா. உள்ளார எதுவோ இழுக்குதுன்னு பேசிக்கறாங்க."

மாதம்மாள் என் அக்கா. மலைமேல் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிப்பவள். ஆறு வருடத்துக்கு முன் மார்பில் கட்டி. சேலத்தில் அறுவை செய்தபோது இடது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அடுத்த மழைக்காலத்தில் இடது கை வீங்கத் தொடங்கியது. வடிய வழியில்லாமல் நிணநீர் தேங்குகிறது, முழுக்கக் குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்றார் மருத்துவர். அந்தக் கையில் கீறல், பூச்சிக்கடி, இறுக்கிக் கட்டுவது எதுவும் ஆகாது. சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

அக்கா அந்தக் கைக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள். "போவவே மாட்டீங்குது கண்ணு. குளிப்பாட்டி, எண்ணெ தேச்சு, சட்டை மாட்டி உடோணும்." சட்டை என்றது, மணிக்கட்டிலிருந்து தோள்வரை சீராக அழுத்திப் பிடிக்கும் தோல்நிற உறையை. துவைத்துக் கொடியில் போட்டால் மூடுபனியில் ஒரு கை மட்டும் தொங்கும். பறிப்புக்காரப் பெண்கள் அந்த வழியே வருவதை விட்டார்கள். ஞாயிறுதோறும் வீடியோவில் டேப் வைத்து அளந்து காட்டுவாள். விரலால் அழுத்துவாள். குழி விழும். பேசி முடிக்கும்வரை அது மூடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் மாரியம்மன் நோம்பிக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டாள். காப்பு ஆணுக்கு வலது கையில், பெண்ணுக்கு இடது கையில். உறையைக் கழற்றிவிட்டு நீட்டினாள்; பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டினார். கட்டியபின் தீ மிதிக்கும்வரை அவிழ்க்கக்கூடாது, ஊர் எல்லையும் தாண்டக்கூடாது.

சேகர் சொன்னதும் கூப்பிட்டேன். மணிக்கட்டில் கயிறு இல்லை. ஒரு மடிப்பு மட்டும். அதற்கு மேல் முழங்கை வரை சிவப்பு.

"அக்கா, காய்ச்சலா?"

"குளிருது. பனி கண்ணு."

அவள் பின்னால் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"கயித்த வெட்டிப்போட்டு ஜீப்பு புடிச்சு சேலத்து ஆஸ்பத்திரிக்கு எறங்குங்க. கிருமி ரத்தத்துல ஏறுனா உசுருக்கே ஆவாது."

"எல்லையத் தாண்டுனா அம்மா உடுவாளா? பொழைக்க வெச்சதே அவதான. இன்னும் ரெண்டு நாளுதான்." சிரித்தாள். "விருந்தாளி கயித்தத் தின்னுபோட்டுப் பசியாறிக் கெடக்குது."

இணைப்பு அறுந்தது.

பக்கத்து வீட்டு வள்ளியை அழைத்தேன். கத்தரிக்கோலோடு போய், அக்காவை ஜீப்பில் ஏற்றச் சொன்னேன். "போறனுங்க. ஆனா அந்தக் கையத் தொட மாட்டனுங்க," என்றாள்.

அரைமணி கழித்து வள்ளியே அழைத்தாள். "கதவு உள்ளார தாப்பாப் போட்டிருக்குதுங்க. கூப்புட்டாப் பேச்சே இல்ல. நீங்க போன் பண்ணிப் பாருங்க."

ஜன்னல் பக்கம் நிற்கும்படி சொல்லிவிட்டு, சேகரின் போனில் அவளை லைனில் வைத்துக்கொண்டு, என் போனில் அக்காவை அழைத்தேன்.

"கேக்குதுங்க," என்றாள் வள்ளி. "உள்ளார மணி அடிக்குது."

அடித்துக்கொண்டே இருக்கிறது.