எவ்லம்பியாவும் வியாழச் சந்தையும்

1988 முதல் கிரேக்க நாட்டின் வோலோஸ் நகரின் வியாழச் சந்தையில் ஆரஞ்சு விற்பவள் எவ்லம்பியா. விற்பவள் என்பதைவிடக் கூவுபவள் என்பதே சரி. கூவாத கடையில் அங்கே யாரும் நிற்பதில்லை.

"வாங்க தாயி, உங்க மருமகளைவிட இனிப்பு!"

எதிரே வெங்காயம் விற்கும் ஸ்தாமூலிஸ் விடமாட்டார். "எலுமிச்சையே தோத்துடும் உன் நாக்குகிட்ட!"

சிரித்துக்கொண்டே அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பாள்.

2019 மார்ச்சில் இருமலுக்காக எடுத்த ஸ்கேனில், வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. பக்கத்து நகரமான லாரிஸாவில் அறுவை மருத்துவர் கராயான்னி எதையும் ஒளிக்கவில்லை.

"விலா இடுக்குல சின்ன ஓட்டை போட்டு கேமரா விடுவோம். கட்டி ஆழத்துல இருக்கு. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் எட்டாது. ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. அதனால முந்தின நாள் வியாழக்கிழமையே வாங்க. ஊசி வழியா பக்கத்துல ஒரு அடையாளம் வெச்சிடறோம்."

"அது குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சந்தை, டாக்டரம்மா! ஈஸ்டருக்கு முன்னால நல்ல வியாபாரம் ஆகற நாள். வேற வழி இல்லையா?"

"உள்ளேயே அல்ட்ராசவுண்ட் கோலை வெச்சுத் தேடலாம். ஆனா அதுக்கு நுரையீரல்ல இருக்கற காத்து வடியணும். காத்து நின்னா திரையில ஒண்ணும் தெரியாது. நீங்க பிடிச்ச சிகரெட்டுக்கு அது வடியுமான்னு சொல்ல முடியாது. கட்டி கிடைச்சா ஒரு துண்டோட போயிடும். கிடைக்கலைன்னா கீழ்ப்பகுதி முழுசும் எடுக்கணும்."

"எடுத்தா கூவ முடியுமா?"

"பேசலாம். கூவறது கஷ்டம்."

எவ்லம்பியா அந்தக் கோலையே தேர்ந்தெடுத்தாள். "என் வயித்துல இருந்த புள்ளையையே அந்த மெஷின் காட்டுச்சு. இந்தக் கடலையைக் காட்டாதா?"

"ஒரு வியாழன் போனா குடியா முழுகிடும்?" என்று காரில் கணவர் ஸ்டெர்யோஸ் கத்திப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வியாழன் மதியத்துக்குள் பெட்டிகள் எல்லாம் காலி. வெள்ளிக்கிழமை அறுவை.

நடந்ததை மருத்துவர் பிறகு சொன்னார். அந்தப் பக்கத்து மூச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு நுரையீரல் ஈரத்துணிபோலச் சுருங்கிவிடும். அவளுடையது ரொட்டி மாவுபோல உப்பியே கிடந்தது. கோலை எங்கே வைத்தாலும் திரையில் வெள்ளை மூட்டம்தான். காற்றை உறிஞ்சி எடுத்து, மறுபடி காத்திருந்து, மறுபடி தேடினார்கள். கடைசியில் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. என்றோ வந்து தானே ஆறிப்போன காசநோயின் தழும்பு.

ஸ்டெர்யோஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அழுதார். எவ்லம்பியா மருத்துவரைப் பார்த்து, "அப்போ அதை விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார் கராயான்னி. "எடுக்காம அது தெரிஞ்சிருக்காது."

மே மாதம் ஒரு வியாழன் சந்தைக்குப் போனாள். "வாங்க" என்பது வரைதான் வந்தது. அடுத்த சொல்லுக்கு மூச்சில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். ஸ்தாமூலிஸ் சீண்டவில்லை. அடுக்கிய வெங்காயத்தையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

கணவர் பேரில் இருக்கும் கடை உரிமத்தை ஜூனில் புதுப்பிக்க வேண்டும். ஸ்டெர்யோஸ் விண்ணப்பிக்கவில்லை. ஜூலையில் அந்த இடம் தேன் விற்கும் ஒருவருக்குப் போகிறது.