ரந்தாவில் ஒரு பிறந்தநாள் விழாவும் கேட்டுக்கு வெளியே நின்ற அம்மாவும்

ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறியபின் எழுதலாம் என்று காத்திருந்தால் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. மலேசியாவில் பிள்ளைகள் இல்லத்துக்குப் போய்த் தொண்டு செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நான் திருச்சியில் கணக்கு டீச்சர். மே மாத விடுமுறையில் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பதற்கு உருப்படியாக ஏதாவது செய்வோமே என்று மூன்று வாரம் போனேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து சிரம்பானுக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி. அங்கிருந்து ரந்தாவ் தாண்டி இல்லம் வரை இருபது கிலோமீட்டர் சொச்சம், டாக்சிக்கு முப்பது வெள்ளி. ரிங்கிட்டை அங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். வழிநெடுக பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம்.

டாக்சி ஓட்டியவர் தமிழர். அனாதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அனாதைன்னு யாரு டீச்சர் சொன்னா? பாதிப் பிள்ளைங்களுக்கு அம்மா இருக்காங்க லா" என்றார். டாக்சிக்காரர்கள் நாலும் பேசுவார்கள் என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு கொழுப்பு எனக்கு!

இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு பிள்ளைகள், சுத்தமான படுக்கை, மூன்று வேளை சோறு. காலை எட்டு முதல் பத்து வரை கணக்கு. அதில் தேவி என்று பத்து வயதுப் பெண், வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்கும் சொல்லித் தருவாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினம் கேட்பாள். அன்று ஒரு பிறந்தநாள் விழா இருந்தது. கேக்குக்கு இவ்வளவு ஆசையா என்று நான் சிரித்தேன்.

அங்கே வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளையின் பிறந்தநாளை இப்படி இல்லங்களில் கொண்டாடுகின்றன. அதில் தப்பில்லை. கோலாலம்பூரிலிருந்து ஒரு குடும்பம் பத்தரைக்கு வந்தது. பிள்ளைகள் பத்து மணிக்கே மஞ்சள் சட்டை மாட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு, பேச்சு, கேக் எல்லாம் முடிந்து சோறு பரிமாறியபோது பன்னிரண்டே முக்கால். பசித்த பிள்ளையைப் பாடவைத்து வேடிக்கை பார்ப்பது என்ன கொண்டாட்டமோ.

நடுவில் நிர்வாகி அம்மா, எல்லோருக்கும் அவர் ஆண்ட்டி, என் கையில் மைக்கையும் ஒரு தாளையும் கொடுத்தார். இந்தியா டீச்சர் படித்தால் எடுப்பாக இருக்குமாம். நானும் தேவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இந்தக் குழந்தைக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை" என்று குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். வந்தவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் அதை என் போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்தார். தேவி தரையையே பார்த்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் காகிதத் தட்டுகளை வெளியே குப்பைத் தொட்டியில் போடப் போனேன். கேட்டுக்கு எதிரே வெயிலில் ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் பை.

"டீச்சர், புரோகிராம் முடிஞ்சிருச்சா? மகளப் பாக்கணும்."

யார் மகள் என்று கேட்டேன்.

"தேவி. நீங்கதானே மைக்ல பேசுனது? நல்லாத்தான் பேசுனீங்க."

அங்கேயே நின்று விசாரித்தேன். லிங்கி என்ற ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழம் பொறுக்குகிறவர். விடியுமுன் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் இங்கே விட்டிருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்து பத்து மணியிலிருந்து நிற்கிறார். இரண்டரைக்கு அந்த வண்டி ஊருக்குத் திரும்பிவிடும்.

உள்ளே ஓடி ஆண்ட்டியிடம் கத்தினேன். அவர் அசரவில்லை. "வந்தவங்க போற வரைக்கும் பெத்தவங்க உள்ள வரக்கூடாது, அதுதான் இங்க ரூல்ஸ். அனாதை இல்லன்னு தெரிஞ்சா யாரு சோறு கொண்டு வருவா? நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க டீச்சர்" என்றார்.

போய்த் தேவியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை.

"போட்டோ முடியட்டும் டீச்சர். இப்ப போனா அடுத்த மாசம் அம்மாவ விடமாட்டாங்க."

கையை விட்டேன். போட்டோ முடிந்து கார்கள் கிளம்பும்போது மணி இரண்டு இருபது. அம்மாவுக்கும் மகளுக்கும் கிடைத்தது பத்து நிமிஷம். அதில் பாதி நேரம் அந்தம்மா மகளுக்குச் சடை பின்னினார்.

ஆண்ட்டிமேல் கோபம் வருகிறது. அம்மா உள்ள பிள்ளைக்குப் பசிக்காது என்று நினைக்கிறவர்கள்மேல் அதைவிட வருகிறது. எல்லாவற்றையும் விட, விசாரிக்காமல் வாயைத் திறந்த என்மேல் வருகிறது. அன்றே அந்த வீடியோவை அழித்தேன், அழித்து என்ன?

போகிறவர்கள் போங்கள். பெற்றவர்கள் எந்தக் கிழமை வருவார்கள் என்று முதலில் கேளுங்கள். அன்றைக்கு வரும் கொண்டாட்டத்தை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள். கணக்குச் சொல்லித்தர அங்கேயே நல்ல டீச்சர்கள் இருக்கிறார்கள். அப்புறம், யாராவது உங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், மைக்கை வாங்குமுன் கேட்டுக்கு வெளியே போய் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.