தண்ணீர் எடுக்கும் நாட்கள்

எதற்கும் தேதி குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பின்னாளில்தான் வந்தது. ஆகவே அப்பாவின் நெஞ்சிலிருந்து முதன்முறை நீர் எடுத்தது எந்த மாதம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காட்டுத்தீப் புகைமூட்டத்தால் பள்ளியை மூடியிருந்தார்கள் என்பது அம்மாவின் கணக்கு. பள்ளி நடந்தது, சீருடையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பது என் கணக்கு. எனக்கு எட்டு வயது, பள்ளியில் இரண்டாம் ஆண்டு என்பதில் மட்டும் இருவருக்கும் சம்மதம்.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமானில், வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அப்பா லோரி ஓட்டினார். ஏறி உட்காரவே மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். அது எதனால் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. முதுகில் ஊசி செலுத்தி நீரை எடுத்தார்கள். அன்றைக்கே வீடு திரும்பி, மீன்கறி கேட்டுச் சாப்பிட்டார். நோய் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். சில வாரங்களில் மறுபடியும் நீர், மறுபடியும் ஊசி. இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது.

குடிக்கும் தண்ணீர்தான் அங்கே போய்த் தேங்குகிறது என்று அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பாவுக்குக் காப்பிக் கோப்பையில் அளந்துதான் தண்ணீர். ரசம் நின்றது. செய்தி பக்கத்து ஊரான கோப்பெங்கில் இருந்த அத்தைக்கு எட்டியது. அப்பாவின் அக்கா அவர். அம்மா தேவாலயத்துக்குப் போகிறவள் என்பதால் தம்பியின் கல்யாணத்துக்கே வராதவர். தீபாவளிக்கு வாசல்வரை வந்து முறுக்கு டின்னைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அன்று மோட்டாரை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

“என் தம்பிக்குத் தண்ணி குடுக்காம காயப்போட்டு வச்சிருக்கா. கருவாடா அவன்?”

அப்பா சிரிக்கப் போய் இருமினார்.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் சேர்ந்தே போனோம். மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தமிழ் நர்ஸ் ஒருவர் அதை எங்களுக்கு விளக்கினார். நீர் சேரும்போதெல்லாம் வந்து ஊசியால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், நெஞ்சுக்குள் ஒரு தூளைச் செலுத்தி நுரையீரலை விலாச் சுவரோடு ஒட்டவைக்கலாம். அதற்கு வார்டில் தங்க வேண்டும், ஒட்டாமலும் போகலாம். அல்லது மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். போத்தலை மாட்டி வீட்டிலேயே நீரை இறக்கிக்கொள்ளலாம். குடிக்கும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் மிஸ்ஸி சேர்த்துச் சொன்னார். அத்தை அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அதைவிட அம்மாவை நேராகவே பார்த்திருக்கலாம்.

பழகிய ஊசியே போதும் என்றாள் அம்மா. “ஒட்டிட்டா ஒரே வேலையா முடிஞ்சிரும்லா” என்றார் அத்தை. மீன்கறியை நினைத்து நான் ஊசியின் பக்கம்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “எதுல நான் வீட்டுல கூட நாள் இருக்கலாம், மிஸ்ஸி?”

குழாய் என்று முடிவானது. வளர்ந்த பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். மூச்சுத்திணறலைக் குறைப்பதில் தூளும் குழாயும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றும், குழாய் வைத்தவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்கள் குறைவு என்றும் எழுதியிருந்தார்கள். எதையும் படிக்காமலே அப்பா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

போத்தல் மாட்டப் பழகும்போது அம்மா குழாயின் முனையைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். அத்தை கற்றுக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டாரில் வந்துவிடுவார். ஆனால் அந்த வேலைக்கு இன்னொரு கையும் வேண்டும். அது அம்மாவின் கை. இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

“பாப்பா, போத்தல இன்னும் கீழ வைக்கச் சொல்லு ஒங்கம்மாவ.”

அம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பாள். “கீழதான் இருக்குன்னு சொல்லு. துன்னூறு தொட்ட கைய மறுபடி கழுவணும், அதையும் சொல்லு.”

“சாமி துன்னூறுல கிருமியாம்!” என்றபடியே அத்தை போய்க் கழுவிவிட்டு வருவார். அம்மா கண்மூடி ஜெபிப்பாள். “ஆமென் ஆயிருச்சான்னு கேளு, இவனுக்கு முதுகு வலிக்குது” என்பார் அத்தை.

“நல்ல தபால்காரி கெடச்சா உங்களுக்கு” என்பார் அப்பா. எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் நீர் வேகமாக இறங்கியது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினார். முகம் வெளுத்துவிட்டது. சரிந்தவரை அத்தை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டார்.

“கிளிப்ப மூடு, புள்ள! மூடு!”

“மூடிட்டேன் அண்ணி. மூடிட்டேன்.”

இருமல் அடங்கியது. அதன்பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. அப்பாவுக்கு மூச்சு வந்ததைவிட என் வேலை போனதுதான் அன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் நஷ்டம் ஈடாகிவிட்டது. அத்தை எங்கள் வீட்டில் சாப்பிடத் தொடங்கினார். சமையலறையில் இருவரும் தாழ்ந்த குரலில் வெகுநேரம் பேசுவார்கள். கிளம்புமுன் என்னை மோட்டாரில் ஏற்றித் தாமானை ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டுவார் அத்தை. தண்ணீர் எடுக்கும் நாட்களுக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் நிற்கக் கூடாது என்று அம்மாவின் சாமியிடமும் அத்தையின் சாமியிடமும் வேண்டிக்கொண்டேன்.

அது நின்றது. போத்தலில் விழுந்தது அரைப்போத்தலாகி, சில கரண்டிகளாகி, ஒன்றுமில்லாமல் போனது. உள்ளே தானாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது, நல்லதுதான் என்றார் மிஸ்ஸி. நல்லது நடந்த வீடாக எங்கள் வீடு இருக்கவில்லை. அப்பா கட்டிலைவிட்டு இறங்குவதில்லை. மீன்கறியின் வாசனையே பிடிக்கவில்லை என்றார். எனக்கோ அத்தை இனி வரமாட்டாரே என்ற கவலை. அம்மாவிடம் கேட்டேன். அவள் மிச்சமிருந்த போத்தல்களைப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

அந்த வாரமே மோட்டார் சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடினேன். அத்தையிடம் போத்தல் இல்லை. முன்னால் பெரிய துணிப்பை, பின்னால் கயிற்றில் கட்டிய தலையணை. கால் தரையில் படாமல் குதித்தேன்.

“எத்தன நாளைக்கு இருப்பீங்க, அத்த?”

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையணையை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டாள்.

“இருப்பேன்லா, பாப்பா” என்றார் அத்தை.

நிறைய நாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.