கயிறு இல்லாமல் ஏறமாட்டோம்

இன்று டென்மார்க்கின் ஓல்போர்க் நகர பஸ்ஸில் பெத்ரோவைக் கண்டேன். பெரு நாட்டுக்காரர், ஐம்பது வயது. கூரை வேலைக்கு நாட்கூலியாகப் போகிறவர். நூலகத்தில் நான் நடத்தும் டேனிஷ் வகுப்புக்குக் கூட்டாளிகளோடு வருகிறார்.

போன மாதம் அவர்களில் ஒருவர் கூரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அதனால் மூன்று வாரமாக ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன்: "பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஏறமாட்டோம்."

தனியே மறுப்பவரை மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். என் வசனம் அவர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

"மாஸ்டர், இண்டைக்கு ஆறு பேரும் ஒண்டாச் சொன்னம்," என்றார் பெத்ரோ, தனக்குத் தெரிந்த டேனிஷில். "முதலாளி முறைச்சுப் பாத்தார். பிறகு போய்க் கயிறு கொண்டுவந்தார். நாளைக்கும் ஆறு பேரையும் வரச் சொன்னவர்."

இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். அவ்வளவு பெருமை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நல்ல விசயம். அந்தக் கூரைத் தண்ணிப் பீலிக்குள்ள இலை அடைச்சுக் கிடக்கு. ஏணியை வைச்சு ஏறி எடுத்துவிடுங்கோ," என்றாள்.

"ஏணி பிடிக்க ஆளில்லாமல் ஏறமாட்டன்," என்றேன், நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக.

குசினியில் இன்னும் சமையல் சத்தமில்லை. ஏணி பிடிக்க வரக்கூடியவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். வரும்போது சாப்பாடும் கொண்டுவந்தால் நல்லது.