தூத்துக்குடிக்குப் போகாத கார்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பொங்கல் கழிந்த வாரம், என் மனைவியின் தம்பியிடமிருந்து தூத்துக்குடியிலிருந்து கடிதம் வந்தது. புதுத் துறைமுகம் கட்டும் வேலையில் அவர் மேற்பார்வையாளராக இருந்தார். அலுவலகத்தில் வரைபடம் போடத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், அத்தானுக்குச் சம்மதமென்றால் அதிகாரியிடம் சொல்லி வைக்கிறேன், இப்போது வாங்குவதைவிடச் சம்பளம் கூடுதல், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்த்துத் தருகிறேன், ஒரு மாதத்துக்குள் பதில் போடவும் என்று எழுதியிருந்தார்.

மனைவி அடுப்படியில் நின்றபடியே கடிதத்தை இரண்டு முறை உரக்கப் படித்தாள். அவள் அந்தக் கடற்கரையில் வளர்ந்தவள். கல்யாணமாகி ஆவடிக்கு வந்த எட்டு வருடத்தில், இங்கே காற்றே இல்லை என்று சொல்லாத நாள் கிடையாது. படித்து முடித்து என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் ஆறு வயது மகளும் பார்த்தாள். நான் கேட்ட முதல் கேள்வி இது: "அங்க காருக்கு ஷெட் இருக்குமா?"

இந்த இடத்தில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வரைவாளனாக இருந்தேன். காலையில் சங்கு ஊதும்போது வாசலில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் சாரிசாரியாக நுழையும். அவற்றுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு கறுப்புச் சின்னக் கார் ஊர்ந்து வரும். அதுதான் நான். பெரம்பூரில் ரயில்வே வேலையை விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் வாங்கியது. என்னைவிடப் பத்து வயதுதான் இளையது. குடியிருப்பிலிருந்து தொழிற்சாலைக்கு நடந்தால் பத்து நிமிடம். காரில் போனால், அது கிளம்பும் நேரத்தையும் சேர்த்து, இருபத்தைந்து நிமிடம். நான் காரில்தான் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தள்ளிவிட்டுத் தங்கள் சைக்கிளில் ஏறி, என்னை முந்திக்கொண்டு போவார்கள். எல்லோரும் என்னைக் 'கார்க்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் கிண்டல் இருந்தது என்பது எனக்குத் தெரிய ரொம்ப வருடம் பிடித்தது.

நான் தர்மபுரிப் பக்கத்துக்காரன். இருபத்திரண்டு வயதில்தான் கடலை முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் கடலோரச் சாலை பற்றி எனக்கு ஒரு கனவு இருந்தது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுக் கார்ப் பத்திரிகையில் முழுப் பக்கப் படம் ஒன்று வந்திருந்தது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் நீலக்கடல், நடுவே வளைந்து போகும் சாலையில் ஒரு கார். ஓட்டுகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, முழங்கையைக் கதவில் ஊன்றியிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்ணின் தலைத்துணி காற்றில் பறந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். தூத்துக்குடி என்றதும் எனக்கு அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. வெயில், கடல், சாலை, என் முழங்கை. தூத்துக்குடியில் மலை இல்லை என்று மனைவி சொன்னாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போகலாம் என்று முக்கால்வாசி முடிவெடுத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் இருந்த என் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காரின் வயிற்றுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சார், கடலாண்டயா இட்டுகினு போப்போற இத்த?"

"ஏன், கூடாதா?"

"உப்புக்காத்து சார் அது. கரையான் மாரி. கண்ணுக்கே தெரியாது. நீ பாட்டுக்கு ஓட்டிகினு இருப்ப, ஒரு நாளு ஸ்டீரிங் மட்டும் கையில இருக்கும், வண்டி பின்னால தங்கிடும்."

இதைக் கேட்டுக் கால்வாசி ஆளாக வீடு திரும்பினேன். ஆனால் நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். சொன்னதை அப்படியே நம்பிவிட முடியாது, பரிசோதிக்க வேண்டும். பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிய இரண்டு தகரத் துண்டுகளுக்குக் கார் பெயிண்டை அடித்து, கொல்லைப்புறக் கொடியில் தொங்கவிட்டேன். ஒன்றைச் சும்மா விட்டேன். மற்றதன்மேல் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் தெளித்தேன். தினமும் அளவுகோல் வைத்துத் துருவை அளந்து நோட்டில் குறித்தேன்.

"மீனுக்கு உப்பு தடவித்தான் நான் பாத்திருக்கேன்" என்றாள் மனைவி, துணி காயப்போட்டபடி. "தம்பிக்கு என்னன்னு எழுதட்டும்?"

"ஆராய்ச்சி நடந்துகிட்டு இருக்குன்னு எழுது."

அவள் எழுதவில்லை. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. உப்புத் தகரம் மூன்றாம் வாரம் பொரிந்து உதிர ஆரம்பித்ததும், நேரில் ஒரு முறை ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லீவு போட்டு ரயிலேறினேன். வீட்டில் குடிதண்ணீர் எப்படி, மகளுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், அலுவலகத்தில் ஆட்கள் எப்படி என்று விசாரித்து வர வேண்டியவற்றை மனைவி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாள் என் சட்டைப்பையில் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தது.

தூத்துக்குடியில் நான் பார்த்ததெல்லாம் மட்கார்டுகள். மைத்துனர் வேலைக்குப் போன பிறகு, கடைத்தெருவில் நிற்கும் ஒவ்வொரு காரின் அருகிலும் போய்க் குனிந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். நல்ல தகரம் கணீரென்று கேட்கும். அரித்தது சொத்தென்று கேட்கும். நான்காவது கார் புத்தம்புதிது மாதிரி மின்னியது. ஆனால் மாடல் பழையது, என்னுடையதைவிட இரண்டு மூன்று வருடம்தான் பிந்தியது. வியப்பில் நான் ரோட்டில் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டுவிட்டேன். யாரோ என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

வெள்ளை வேட்டி கட்டிய, கனத்த உடம்புக்காரர் ஒருவர் நின்றார். சுற்றிலும் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள்.

"எதைக் கழட்டுதீரு?"

"ஒண்ணும் கழட்டலீங்க. துருப் பிடிச்சிருக்கான்னு பார்த்தேன்."

"நான் என் காரை விக்கப்போறேன்னு உம்மகிட்ட யாரு சொன்னா?"

நான் விவரத்தைச் சொன்னேன். ஆவடி, கடிதம், மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னேன். தகரத் துண்டுகளைப் பற்றிச் சொன்னபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் உப்பள முதலாளி. அதாவது, அந்த ஊரிலேயே உப்போடு அதிகம் புழங்குகிற ஆள். தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரில் காரைக் கழுவி, வாரத்துக்கு ஒரு முறை தானே அடியில் படுத்து எண்ணெய்த் துணியால் துடைப்பதாகச் சொன்னார். "அம்புட்டுதான் தம்பி. பெத்த பிள்ளையைக் குளிப்பாட்டத மாதிரி. இதுக்குப் போய் ஊருக்கே வர மாட்டேன்னா எப்படி?"

பிறகு, கார்ப் பைத்தியம் கார்ப் பைத்தியத்துக்குச் செய்கிற பெரிய மரியாதையைச் செய்தார். என்னை ஏற்றிக்கொண்டு உப்பளங்களின் பக்கம் போய், சாவியைக் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னார்.

வெயில் உப்புக் குவியல்களில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. தொலைவில் கடல் தெரிந்தது. சாலை நேராகக் கிடந்தது, வண்டி எதுவும் இல்லை. நான் முழங்கையைக் கதவில் ஊன்றினேன். அந்தக் கார் நான் மிதித்ததும் பாய்ந்தது. என் காரில் எவ்வளவு மிதித்தாலும் அதற்கு யோசிக்க நேரம் வேண்டும். இதற்கு வேண்டியிருக்கவில்லை. சாலை ஓரிடத்தில் திரும்பியது. முழங்கையைக் கதவிலிருந்து எடுப்பதற்குள் நான் திரும்பாமல் நேராகப் போய்விட்டேன். கார் வரப்பைத் தாண்டி, உப்புச் சேற்றில் முன்சக்கரங்கள் அச்சு வரை புதைய நின்றது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பத்துப் பேர் வந்து தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். என் ஒரே நல்ல பேண்ட் முழங்கால் வரை வெள்ளையாகிவிட்டது.

"அண்ணாச்சி, இவுக கார் ஓட்டப் படிக்காகளா?" என்று ஒரு பெண் முதலாளியிடம் கேட்டாள்.

"இல்ல தாயி, ஏழு வருசமா ஓட்டுதாகளாம்."

திரும்பும்போது அவரே ஓட்டினார். பிறகு மெதுவாக, "உங்க ஊர்ல எம்புட்டு தூரம் ஓட்டுவீரு தம்பி?" என்று கேட்டார்.

"பூந்தமல்லி வரைக்கும் போவேன்."

"அது எம்புட்டு தூரம்?"

"அஞ்சு மைல் இருக்கும்."

அன்று சாயங்காலம் அவர் தன் காரை மூன்று முறை கழுவியிருப்பார்.

ஆவடிக்கு வந்ததும் மனைவியிடம் என் முடிவைச் சொன்னேன். ஊர் நல்ல ஊர்தான், ஆனால் உப்புக்காற்று பயங்கரம், நம் கார் அங்கே ஒரு வருடம்கூடத் தாங்காது என்றேன். உப்பள முதலாளியின் எண்ணெய்த் துணியைப் பற்றியும் சொன்னேன், அதெல்லாம் எல்லோராலும் முடிகிற காரியமா என்கிற தொனியில். வரப்பைத் தாண்டியதைச் சொல்லவில்லை. பேண்ட்டைப் பார்த்து அவள் எதையும் கேட்கவுமில்லை.

"அவுக வாரத்துக்கு ஒருக்க அடியில படுத்துப் பாக்காக. நீங்க நம்ம வண்டிக்கு அடியில என்னைக்காவது படுத்திருக்கீயளா?" என்றாள்.

அப்புறம் வெளியே போய்க் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். அது அவள் உட்காரும் பக்கம். கால்மிதியைத் தூக்கினாள். கீழே எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம் ஒன்று இருந்தது. அதையும் எடுத்தாள். அதற்குக் கீழே ஆவடி மண் தெரிந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழைகிற அளவு ஓட்டை. விளிம்பெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது.

"முந்தின வருச மழைக்குக் குவார்ட்டர்ஸ்ல தண்ணி நின்னுச்சுல்லா, அப்பவே விழுந்துட்டு" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் தூக்கிக்கிட்டு அம்பத்தூருக்குப் போயிருவீய. இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை போயிரும்."

நான் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடமாக அவள் அந்தத் தகரத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு, பூந்தமல்லிக்கும் கோயிலுக்கும் என்னோடு வந்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சின் சத்தத்தைப் பற்றி அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மகள் விளையாடப் போன பிறகு, மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். வரப்பில் ஏற்றியதையும், உப்பளப் பெண்கள் தள்ளியதையும், அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அதைவிடக் கஷ்டமான இன்னொன்றையும் சொன்னேன். அந்த ஊரில் நிஜமான கார்கள் இருக்கின்றன, நிஜமாக ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே, இத்தனை சைக்கிள்களுக்கு நடுவில், நான் கார்க்காரர். அங்கே போனால் ஓட்டை வண்டி வைத்திருக்கும் ஒரு குமாஸ்தா. எனக்குப் பயமாக இருந்தது உப்புக்காற்றுக்கு இல்லை.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். "மூணு வாரமாத் தகரத்துக்குத் தண்ணி தெளிச்சீயளே."

மறுநாள் காலை, தொழிற்சாலைக்குப் போகும் வழியில், வருகிறேன் என்று மைத்துனருக்குத் தந்தியடித்தேன். நடந்துதான் போனேன். பதில் நான்காம் நாள் வந்தது. அத்தான், நீங்கள் இங்கே வந்துபோயும், சொன்ன ஒரு மாதத்துக்குள் பதில் வராததால் அதிகாரி வேறு ஆளைப் போட்டுவிட்டார், எனக்கு ரொம்ப வருத்தம், அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். எனக்கும் தெரியவில்லை. கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தவள், சாதம் ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கோடை விடுமுறைக்கு அவளும் மகளும் தூத்துக்குடிக்குப் போய் இரண்டு மாதம் இருந்தார்கள். நான் காரை அம்பத்தூர் மெக்கானிக்கிடமே தள்ளிவிட்டேன். நிஜமாகவே தள்ளிக்கொண்டுதான் போனோம், ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நானும். வழியில் ஒருவர், "இனிமே உன்னை இன்னான்னு கூப்பிடறது அண்ணாத்தே?" என்று கேட்டார். பேர் சொல்லியே கூப்பிடச் சொன்னேன். அவருக்கு என் பெயர் உடனே ஞாபகம் வரவில்லை.

ஜூன் மாதம் அவர்களை அழைத்து வர நான் போனபோது, இருவரும் கடற்கரையில் இருந்தார்கள். மகள் நண்டு துரத்திக்கொண்டிருந்தாள். மனைவி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அலையில் நின்று யாரோ ஒரு பெண்ணிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஆவடியில் அவள் அப்படி உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. கூப்பிடாமல் கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் மைத்துனரிடம், எனக்குப் பதிலாக வந்த ஆள் எப்படி என்று விசாரித்தேன். நல்ல வேலைக்காரர், சைக்கிள்கூடக் கிடையாது, வேலை இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கே ஒரு கார்டில் சரியென்று எழுதிப் போட்டுவிட்டார் என்றார்.