ஜெயவேலின் திங்களும் வெள்ளியும்

ஜெயவேலுக்கு அப்போது முப்பத்தாறு வயது, எனக்கு இருபத்தெட்டு. அவர் மாணவர், நான் ஆசிரியை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளின் எடையை எழுதுவது அவர் வேலை. எங்கள் கல்லூரி திருவொற்றியூரில், கடலை ஒட்டிப் போகும் ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்தது. வேலை பார்ப்பவர்களுக்காக அங்கே ஓராண்டுப் புள்ளியியல் வகுப்பு ஒன்று நடத்தினோம். திங்கள், புதன், வெள்ளி, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. 2005ஆம் வருடம் ஜூலையில் அவர் வந்து சேர்ந்தார்.

முதல் நாளே எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மூன்றாவது மாடியில் ஜன்னலோர பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான் போர்டில் எழுத எழுத அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் இடம் கிடைக்காத கப்பல்கள் அங்கே நாள்கணக்கில் நிற்கும். காலை வெளிச்சத்தில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கப்பல்கள் எதன்மேலும் இல்லாமல் சும்மா நிற்பது போலிருக்கும். "நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்?" என்று வெடுக்கென்று கேட்டேன். அவர் எழுந்து, நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். என்னைவிடத் தெளிவாகச் சொன்னார் என்பதுதான் எரிச்சல்.

திட்ட விலக்கம் நடத்திய அன்று அவர் சிரித்துவிட்டார். சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று பார்க்கிற கணக்கு அது. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"அதே லாரி, அதே கம்பி மேடம். காலைல ஒரு எடை காட்டும், மதியானம் வேற எடை காட்டும். டிரைவர் எறங்க மறந்தா ஏறும், மழ பேஞ்சா ஏறும். பன்னெண்டு வருசமா பாத்துகினு கீறேன். இதுக்கு ஒரு பேரு கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

அன்றைக்கு நான் நன்றாகவே நடத்தினேன். வேறு எந்த வகுப்பிலும் அப்படி எனக்கு வந்ததில்லை.

அந்த மூன்று காலைகளும் அவருக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. எடைமேடை முதலாளி தங்கப்பாண்டி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை பார்ப்பதாக இருந்தால் வகுப்புக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். சம்பள உயர்வுக்காகவா இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன்.

"அதெல்லாம் ஒன்னும் ஏறாது மேடம். அங்க ஒரே சத்தம். நம்பரு வந்துகினே கீது, போய்கினே கீது, ஒன்னும் நிக்காது. இங்க வந்து குந்தினா அது நிக்குது. அத்த சுத்திச் சுத்தி பாக்கலாம். ஞாயித்துக்கெயம வூட்ல இல்லன்னு அம்மு கோச்சிக்கும். ஆனா வகுப்பு முடிச்சிட்டுப் போற அன்னிக்கு, இன்னாய்யா தனியா சிரிச்சிகினு வரியேன்னு அதுவே கேக்கும்."

அம்மு அவர் மனைவி. நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டில் இறங்கும்போது, மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகளையெல்லாம் யாரோ அவருக்காக வரைந்து வைத்ததுபோல நின்று நின்று பார்த்துவிட்டுப் போவார்.

ஆகஸ்டில் என் எம்.ஃபில். ஆராய்ச்சி தொடங்கியது. நேரில் நடத்தும் வகுப்பு, நேரும் கம்ப்யூட்டரும் கலந்த வகுப்பு, இரண்டில் எதில் படித்தால் மார்க் கூடும் என்பது தலைப்பு. அறுபது பேரில் முப்பது பேர் வழக்கம்போல மூன்று நாளும் வருவார்கள். மற்ற முப்பது பேருக்குப் புதன் மட்டும் வகுப்பு. திங்கள், வெள்ளிப் பாடங்களை நான் பேசிப் பதிவு செய்த சி.டி.யில், அவர்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. யார் எதில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டு ஜெயவேல் எடுத்த சீட்டில் 'கலப்பு' என்று இருந்தது.

எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். "மாத்திக் குடுங்க மேடம்" என்றார்.

"ஒருத்தருக்கு மாற்றினால் அது குலுக்கலே இல்லை. என் ஆராய்ச்சி செல்லாமல் போய்விடும்."

வாதாடுவார் என்று நினைத்தேன். "கரெக்டு மேடம். அப்படித்தானே சொல்லிக் குடுத்தீங்கோ" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் மண்டைக்கனம். முப்பது பேரின் முதலாளிகளுக்கும் கல்லூரித் தாளில் கடிதம் அனுப்பினேன்: இனி இவர்கள் புதன்கிழமை மட்டும் வந்தால் போதும், மற்ற பாடங்களை ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளலாம். உதவி செய்வதாக எனக்கு நினைப்பு. யாரும் கேட்கவில்லை. கடிதத்தைப் பார்த்த தங்கப்பாண்டி அந்த இரண்டு காலைகளையும் திரும்ப எடுத்துக்கொண்டார்; அடுத்த திங்கள் ஒன்பது மணிக்கு ஜெயவேல் எடைமேடையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்குத் திரும்பி வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து சி.டி. கேட்டார். எப்படி இருக்கிறது என்று ஒரு புதன்கிழமை விசாரித்தேன்.

"நல்லாத்தான் கீது மேடம். எத்தினி தபா வோணா கேக்கலாம். ஆனா அதுல நீங்க கோச்சிக்க மாட்டேன்றீங்க."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. கடலும் இல்லை, கப்பலும் இல்லை, ஜன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது. மழைக்குள் எங்கிருந்தோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. வகுப்பில் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். வாசலில் ஜெயவேல் நின்றார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

"இன்னிக்கு லாரி வர்ல மேடம். பின்னால குந்திக்கட்டுமா? வாயே தொறக்க மாட்டேன்."

ஜன்னலோர பெஞ்சு காலியாகவே இருந்தது. அவரை உள்ளே விட்டால் அவர் கலப்பு வகுப்பு மாணவர் இல்லை. முப்பது இருபத்தொன்பதாகும். அதை எழுத வேண்டும், அதற்குக் காரணம் எழுத வேண்டும். "புதன்கிழமை வாங்க ஜெயவேல்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து எழுதிய கணக்கை இரண்டு முறை தப்பாகப் போட்டேன்.

மார்ச்சில் பரீட்சை. நேர் வகுப்பின் சராசரி 61.2, கலப்பு வகுப்பின் சராசரி 60.8. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பது முடிவு. ஜெயவேல் 74 வாங்கியிருந்தார். எனக்கு எம்.ஃபில். கிடைத்தது, வேலை நிரந்தரமானது. மார்க் குறையாதபோது மூன்று நாள் எதற்கு என்று கல்லூரி அடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் புதன்கிழமை மட்டும் என்று ஆக்கிவிட்டது.

சான்றிதழ் வாங்க வந்த அன்று ஜெயவேல் என்னிடம் கேட்டார்: "ரெண்டும் ஒன்னுதான்னு வந்துச்சாமே மேடம்?"

"ஆமாம்."

"மார்க்குல ஒன்னுதான்" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

ஒன்றை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பரீட்சை அன்று எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தேன். இந்த முறை உங்களுக்குப் பிடித்ததா என்ற கேள்வி, கீழே ஐந்து கட்டங்கள், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஜெயவேல் எதிலும் டிக் அடிக்கவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தார்: "திங்களும் வெள்ளியும் எனக்குத் திரும்பக் கிடைக்குமா?"

நான் அதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். கம்ப்யூட்டரில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுக்குத்தான் இடம் இருந்தது. ஆய்வேட்டின் எழுபத்திரண்டாம் பக்கத்தில், அட்டவணையின் கடைசி வரியில், 'பதிலளிக்காதவர்: 1' என்று இருக்கிறது. அதை டைப் செய்தது நான்தான்.